குஞ்சு பொரித்து விற்கும் அண்ணன்மார்களுக்கு, பெகுவிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். பெகுவில் வீட்டோடு காடை வளர்ப்பவள் எழுதுகிறேன். காடை முட்டை போட்டுச் சுடும் பர்மியப் பலகாரமான மொன் லின் மயா விற்கும் கடைகளுக்கு முட்டை கொடுக்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் நாலு தமிழ்க் குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. எல்லோருமே இரங்கூன் பக்கமிருக்கும் உங்களிடம்தான் குஞ்சு எடுக்கிறோம்.

போன பங்குனியில், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது 200 குஞ்சு வாங்கினேன். பெட்டியோடு வந்த தாளில் ‘முதல் வாரம் 37 டிகிரி சூடு வேண்டும், பல்பை இரவு பகல் அணைக்கக் கூடாது’ என்று இருந்தது. அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் மதியம் போய்ப் பார்த்தால், பல்புக்குக் கீழே ஒரு குஞ்சு கூட இல்லை. எல்லாம் பெட்டியின் ஓரத்தில் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். பத்து கிராம் கூட இருக்காது. அலகைத் திறந்தபடி, இறக்கையை உடம்பில் படாமல் விரித்து வைத்திருந்தது. தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் 31 செத்துவிட்டன.

தாளில் இருந்த 37 தப்பில்லை. ஆனால் அது குஞ்சு நிற்கும் தரையில் இருக்க வேண்டிய சூடு. மார்கழியில் அதற்குப் பல்பு வேண்டும். சித்திரை மதியத்தில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே பல்பு இல்லாமலே 38, 39 வந்துவிடுகிறது. அதற்கு மேல் பல்பும் எரிந்தால் குஞ்சு எங்கே போகும்? அதற்கு வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வாங்க வாங்க உடம்பில் தண்ணீர் வற்றும், ரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடும், தீவனத்தைத் தொடாது. 2024 ஏப்ரலில் நடு பர்மாவில் இருக்கும் சௌக் ஊரில் 48.2 டிகிரி அடித்தது. எங்கள் ஊர் அவ்வளவு போகாது. ஆனால் மழைக்கு முந்தின வாரங்களில் இங்கே காற்றில் ஈரம் அதிகம், அப்போது மூச்சு வாங்கியும் சூடு இறங்குவதில்லை.

அதனால் அந்தத் தாளை மாற்றி அச்சடியுங்கள். பல்பை நடுவில் தொங்கவிடாமல் ஒரு மூலையில் வைக்கச் சொல்லுங்கள், வேண்டிய குஞ்சு போகும், வேண்டாதது விலகும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. இது ஒன்றைப் போட்டாலே பாதி உயிர் தப்பும். இரவில் இரண்டு வாரத்துக்காவது சூடு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் வெந்நீர்ப் புட்டியைப் பழைய லுங்கியில் சுற்றி வைக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடச் சொல்லுங்கள். தாகத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அரை அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். மயங்கின குஞ்சை ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. நிழலில் வைத்து, அலகு நுனியைச் சாதாரணத் தண்ணீரில் தொட்டு எடுத்தால் போதும். ஈரச் சாக்கைக் காற்று வரும் பக்கம் வெளியே தொங்கவிடலாம், காற்றே இல்லாத அறைக்குள் கட்டினால் புழுக்கம்தான் கூடும்.

அப்புறம் வண்டி. காலை பத்து மணிக்கு ஏற்றுகிற பெட்டி நண்பகலில் வந்து இறங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டைகள் எல்லாம் மேல் மூடியில். அடுத்த பெட்டி ஏறினதும் அந்த ஓட்டைகளும் அடைத்துப் போகின்றன. பக்கவாட்டில் ஓட்டை போடுங்கள், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு மூங்கில் குச்சி வையுங்கள். மாசி முதல் வைகாசி வரை விடியற்காலை முதல் வண்டியில் ஏற்றுங்கள். பொரித்த முதல் நாள் வயிற்றிலிருக்கும் மஞ்சள் கருவே அதற்குச் சாப்பாடு, தீவனம் இல்லாமல் சில மணி நேரம் தாங்கும். வெயிலைத்தான் தாங்காது.

உங்களுக்கு இது சின்ன வேலை என்று நினைத்துத்தான் கேட்கிறேன். எங்களுக்கு 31 குஞ்சு என்றால் ஏழாவது வாரத்திலிருந்து தினமும் வர வேண்டிய முட்டை. அதைவிட, அன்று கையில் துடித்ததை என்னால் மறக்க முடியவில்லை.

வரும் பங்குனி முதல் வாரத்துக்கு 150 குஞ்சு சொல்லியிருக்கிறேன். எந்த வண்டி என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இருட்டோடு வந்து நின்று இறக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெகுவிலிருந்து காடை வளர்க்கும் உங்கள் தங்கச்சி