எடிக்குள் திரும்புவது பற்றி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி குறைந்து மறுபடியும் ஆற்றில் இறங்கிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், மகளும் இப்போது நின்றபடி துடுப்புப் போடும் போர்டில் வருகிறாள், வேகமான இடங்களில் மண்டியிட்டுக்கொள்வாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பாறைக்குப் பின்னால் நீர் ஆற்றுக்கு எதிராகத் திரும்பி ஓடும் இடமான எடிக்குள் திரும்பும்போதெல்லாம் விழுந்துவிடுகிறேன், கையில் வலு போதவில்லையோ என்று எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ காலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எடி லைனை, அதாவது ஆற்றோட்டமும் எடியும் சந்திக்கும் கோட்டைத் தாண்டும் நொடியில் போர்டின் மூக்கு மேல்நோக்கி ஓடும் நீரில் மாட்டிக்கொள்ளும், வால் இன்னும் கீழ்நோக்கியே போய்க்கொண்டிருக்கும், அப்போது இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முன்னும் பின்னும் ஆடுவதைத் தாங்க வழியே இல்லை. லைன் வருவதற்கு முன்பே ஒரு காலைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வை, முழங்காலை மடக்கு.

அப்புறம் சாய்வு. எந்தப் பக்கம் திரும்புகிறாயோ அந்தப் பக்கமே சாய வேண்டும், சைக்கிளில் வளைவு எடுப்பது மாதிரி. வெளி ஓரம் தாழ்ந்திருந்தால் எடியின் நீர் அதன்மேல் ஏறிக் கவிழ்த்துவிடும். உன்னுடையது காற்றடைத்த தடித்த போர்டு, இடுப்பை மட்டும் அசைத்தால் அது லேசில் சாயாது, உள்பக்கப் பாதத்தில் நன்றாக அழுத்து. எடியிலிருந்து வெளியே வரும்போதும் இதே விதிதான், அங்கே ஆறு போகும் திசையில் சாய்வாய்.

துடுப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். லைனைத் தாண்டி, எடியின் நீருக்குள்ளேயே, மூக்குக்குப் பக்கத்தில் பிளேடு முழுக்க முங்கும்படி ஊன்று. ஊன்றிய பிறகு இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொள், போர்டு தானாக அதைச் சுற்றி வரும், அந்த ஒரு நொடிப் பொறுமை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. துடுப்பு எதிர்ப்பக்கம் இருந்தால் கையை மாற்றாதே, உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து ஊன்று. அப்படிச் செய்யும்போது தோளும் பார்வையும் கூடவே திரும்பிவிடுவதால் எனக்கு அது இன்னும் பிடிக்கும். பாறையை ஒட்டி, மேலேயே நுழைந்துவிடு, கீழே போகப் போக லைன் அகன்று நீர் கொதிப்பது மாதிரி கிளம்பும், அங்கே எதுவும் பிடி கிடைக்காது. லைனைக் கடக்கும் கோணம் 45 டிகிரி அளவில் இருக்கட்டும், வேகத்தை விட்டுவிடாதே.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், போர்டோடு உன்னைப் பிணைக்கும் கயிறான லீஷைக் கணுக்காலில் கட்டாதே. கிளையிலோ பாறையிலோ சிக்கினால் ஓடும் நீரில் குனிந்து கழற்றவே முடியாது. இழுத்தால் சட்டென்று விடுபடும் இடுப்பு பெல்ட்டில் மாட்டு, இல்லாவிட்டால் லீஷே வேண்டாம்.

அடுத்த தடவை போய்விட்டு இடப்பக்கத் திருப்பம் எப்படி வந்தது என்று எழுது, உனக்கு எப்போதும் தகராறு செய்வது அந்தப் பக்கம்தானே.

அன்புடன்,
சேகர்