சாக்பீஸ் டப்பாவில் கிடந்த கயிறுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகள் எந்தச் சாதி என்று நிறத்தால் காட்ட மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சாதிக் கயிறு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கயிறு கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டிய பிறகும் ‘கயிறுதானே, அதில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை. அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் எல்லாம் பள்ளிக்குள் வேண்டாம் என்று பரிந்துரை இருக்கிறது. ஆனால் கட்டுரை எழுதியவர், கயிற்றை அறுத்துவிட்டால் பையன் மாறிவிடுவான் என்பதுபோல முடித்திருக்கிறார். அங்கேதான் இடிக்கிறது.

கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் 28 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். மற்ற வாத்தியார்கள் பையன்களின் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தினார்கள் என்றால் நான் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்தக் கயிறு எப்படி இருக்கும் தெரியுமா? கட்டின புதிதில் பளிச்சென்று இருக்கும், ஒரு மாதத்தில் வியர்வையும் அழுக்கும் ஏறி முடிச்சு கறுத்துவிடும், நுனி பிரிந்து தொங்கும். கழற்றினால் அந்த இடம் மட்டும் வெயில் படாமல் விரல் அகலத்துக்கு வெளுத்திருக்கும். ஹெச்.எம். ரவுண்ட்ஸ் வரும்போது பையன் கயிற்றைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான், சரி, அந்த வெளுப்பை எங்கே போடுவான்? அவன் எந்தத் தெரு, யாரோடு உட்காருவான், யாரோடு உட்கார மாட்டான் என்பதை அவன் ஒன்பதாவது வரும் முன்பே வீடும் தெருவும் சொல்லிக்கொடுத்து முடித்திருக்கும். கயிறு அதன் மேல் போட்ட முடிச்சு, அவ்வளவுதான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நானே கயிற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் டீம் பிரித்தேன். சண்டை வராமல் பீரியட் முடிந்தால் போதும் என்ற நினைப்பு. ஒரே நிறம் ஒரு பக்கம், இன்னொரு நிறம் இன்னொரு பக்கம். விளைவு என்னவென்றால் விளையாட்டே தெருச் சண்டையாகப் போனது, அதற்கு நான்தான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மாற்றினேன். கபடியில் நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் வளையம் எதுவும் இருக்கக் கூடாது, மேலே கீறிவிடும். அந்த விதியில் கயிற்றையும் சேர்த்துவிட்டேன். காலி சாக்பீஸ் டப்பா ஒன்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கழற்றி இதில் போட்டுவிட்டு இறங்குங்கடா என்பேன். சாதி, சமத்துவம் என்று ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வயசு அது, விதி என்றால் கேட்டுக்கொள்வான்.

கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும், பிடிக்கிற ஏழு பேரில் கார்னரில் நிற்பவனும் அவனுக்கு அடுத்தவனும் கையைக் கோத்துக்கொண்டுதான் நகர வேண்டும். வேண்டுமென்றே இரண்டு தெருப் பையன்களை அப்படி ஜோடி போட்டு நிறுத்தினேன். முதல் வாரம், கையைப் பிடிங்கடா என்றால் சுண்டுவிரல் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல. எதிர் டீமிலிருந்து பாடி வந்தவன் அந்த நடுவிலேயே பிய்த்துக்கொண்டு போனான். மறுநாளும் அதே இடத்தில்தான் போனான். அந்த வார முடிவில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஆடி அசிங்கமாகத் தோற்று, பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டே வந்தார்கள். திட்டு எல்லாம் ஆட்டத்தைப் பற்றித்தான், ‘நீ ஏன்டா கையை விட்ட’ என்பதுதான். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை இருவரும் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்தார்கள். கயிறு கட்டுகிற அதே இடம்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று கதைவிட மாட்டேன். ஊரில் ஒரு தலைவர் விழா முடிந்ததும் இருவரில் ஒருவன் புதுக் கயிறோடு வந்து நின்றான், முன்னதைவிடத் தடிமனாக. மற்றவனுடையது டப்பாவிலேயே கிடந்தது, ஒரு வாரம், இரண்டு வாரம். நானும் கேட்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. இப்போது அது என் வீட்டு அலமாரியில், பழைய விசில்களோடு கிடக்கிறது.

அடையாளமே வேண்டாம் என்கிற ஆளும் இல்லை நான். திருப்பாதிரிப்புலியூர்க்காரன், அப்பர் கதை கேட்டு வளர்ந்தவன். அவருக்கு அடையாளம் தோளில் இருக்கும் உழவாரப்படை. கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியதால் அது அவர் தோளில் ஏறியது. வேலை முதலில், அடையாளம் அப்புறம். பாண்டிச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பி இன்னொரு ரகம். பிரெஞ்சுக்காரன் காலத்துத் தொப்பி, 1954 நவம்பர் 1-ல் அவன் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டான், தொப்பி போகவில்லை. இன்று அதைப் பார்த்து யாருக்கும் காலனி ஆட்சி ஞாபகம் வருவதில்லை, நம்ம பாண்டி போலீஸ் என்றுதான் சொல்கிறோம். பழைய பொருளுக்கு ஜனங்கள் பழகிப் பழகிப் புது அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். என் பையன்களின் கயிற்றில் இது எதுவும் இல்லை. அதற்காக அவன் ஒன்றும் செய்யவுமில்லை, அதோடு சேர்ந்து அவன் எங்கேயும் போகவுமில்லை. பதிமூன்று வயதில் யாரோ கையைப் பிடித்துக் கட்டிவிட்டது.

ஒரு தைப்பூசத்துக்கு டீம் முழுவதையும் வடலூர் கூட்டிப்போனேன். வள்ளலாரின் ஞானசபையில் ஏழு நிறத் திரைகளையும் ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டினார்கள். கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்த ஒரு பையன் வெளியே வந்ததும், ‘ஏழு திரைக்குப் பின்னாடி ஒரு விளக்குதானா சார்?’ என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சிரித்துவிட்டேன். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிற தருமசாலைக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தோம். பரிமாறியவர் யார் எந்த ஊர் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்டவன் இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவன் இலையில் மீந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கத்து இலைக்காரன் எந்தத் தெரு என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஆகவே கயிற்றுத் தடைக்கான சுற்றறிக்கையோடு இன்னொன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்லி எழுதுங்கள், விளையாட்டுப் பீரியடில் கை வைக்காதீர்கள் என்று. வாரத்தில் இருக்கும் இரண்டு விளையாட்டுப் பீரியடையும் பப்ளிக் எக்ஸாம் என்று சொல்லிக் கணக்குக்கும் சயின்ஸுக்கும் வாங்கிக்கொள்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மூன்று மாதம் பையன்களைக் கோட்டில் இறக்கவே முடியவில்லை, சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்து புல் முளைத்துவிட்டது. அந்த மூன்று மாதத்தில் டப்பாவுக்கும் வேலையில்லை, எல்லாக் கையிலும் கயிறு இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.