மருமகளே, முதலில் வட்டியைப் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, லோன் பேப்பர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய், கணக்கு நகரமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆபீசில் இன்னும் ரெண்டு பேருக்கு இதே நிலைமை, பேர் போடாமல் பொதுவில் போடுங்கள் அத்தை என்று நீதானே கேட்டாய். போடுகிறேன். படிப்பவர்களுக்காக ஒன்று, இவள் என் அண்ணன் மகள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கண்டபடி செலவு பண்ணிட்டேன் அத்தை" என்று நீ சொன்னாயே, அந்தக் கண்டபடியை ஸ்டேட்மென்டில் தேடிப் பார்த்தேன். கூட்டுறவு வங்கியின் கடன் பிரிவில் முடி நரைத்தவள் நான். ஊதாரியின் கணக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் கணக்கில் இருப்பவை இவைதான்: வீட்டு அட்வான்ஸ் 75,000, அதற்காக எடுத்த பெர்சனல் லோன். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பழைய பிரிட்ஜ் ஒன்று. காய்ச்சலில் படுத்தபோது ஆஸ்பத்திரி பில். நம் சொந்தத்தில் நடந்த கல்யாணத்துக்கு ஊர் வந்து போன செலவும் செய்முறையும். மிச்சமெல்லாம் மளிகைக் கடை, மருந்துக் கடை, ராத்திரி பதினொரு மணிக்கு ஆர்டர் போட்ட சாப்பாடு. அந்த நேரத்துக்கு வீடு வந்து தனி ஆளுக்கு உலை வைக்க யாருக்குக் கை வரும்?

கூட இருந்த பெண் கல்யாணமாகிப் போகும் வரை உன் பங்கு வாடகை 5,500. இப்போது 11,000. மெயின்டனன்ஸ் 1,000 ரூபாயை யாரும் பாதியாக்கித் தரப்போவதில்லை. இன்டர்நெட், கேஸ், தண்ணீர் கேன் எல்லாம் அப்படித்தான். ரெண்டு பேர் இருந்த வீட்டில் ஒருத்தி இருந்தால் செலவு பாதியாவதில்லை, முக்கால்வாசி அப்படியே நிற்கிறது. கரண்டுக்கு வேறு உன் ஓனர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். வாரியம் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. வாடகைக்கு இருப்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சலுகையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? அட்வான்சும் அப்படித்தான். 2017-இல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற சந்துக்குள் புகுந்துதான் சென்னை ஓனர்கள் ஆறு மாதம், ஏழு மாதம் என்று கேட்கிறார்கள். உன் 75,000 அவரிடம் வட்டியில்லாமல் தூங்குகிறது. அந்தப் பணத்துக்கு 15 சதவீதம் வட்டி நீ கட்டிக்கொண்டிருக்கிறாய்.

சரி, கணக்குக்கு வருவோம்.

கைக்கு வரும் சம்பளம் 36,000. வாடகையும் மெயின்டனன்சும் 12,000. கரண்டு, நெட், கேஸ், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 2,200. பெர்சனல் லோன் தவணை 6,800. அண்ணனுக்கு, அதாவது உன் அப்பாவுக்கு, அனுப்புவது 4,000. மீதி 11,000. அதில் கார்டுக்கு "மினிமம் டியூ", அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 5,500 கட்டுகிறாய். ஒரு மாதத்துச் சாப்பாடு, போக்குவரத்து, போன், மருந்து எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 5,500. யாராலும் முடியாது. இருபதாம் தேதிக்கு மேல் மறுபடி கார்டைத் தேய்க்கிறாய்.

இப்போது அந்த 5,500 எங்கே போகிறது என்று பார். உன் கார்டு பாக்கி 1,10,000. மாத வட்டி 3.75 சதவீதம் என்று ஸ்டேட்மென்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். மாதத்துக்கு 4,125 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 742 ரூபாய் சொச்சம். ஆக 4,867. நீ கட்டிய 5,500-இல் அசலுக்குப் போனது 633 ரூபாய். அதே மாதம் மளிகைக்கும் மருந்துக்கும் 3,000-க்கு மேல் தேய்த்திருக்கிறாய். கட்டக் கட்டக் கடன் ஏறுகிறதே என்று நீ குழம்பினாய் அல்லவா, இதுதான் விஷயம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வாங்கிய தேதியிலிருந்து நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லை என்று கார்டு கொடுக்கும்போது சொன்னார்களே, அது போன மாதப் பாக்கியை முழுசாகக் கட்டியவர்களுக்கு மட்டும். பாக்கியை இழுத்து வைத்திருந்தால் புதிதாக வாங்கும் அரிசிக்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். நம் ஊரில் வட்டிக்கு விடுபவர் நூற்றுக்கு மூணு வட்டி என்றால் அநியாயம் என்று வாயில் அடித்துக்கொள்வோம். 2003-இல் கந்துவட்டியைத் தடுக்க இங்கே தனிச் சட்டமே போட்டார்கள். இது நூற்றுக்கு மூணே முக்கால், வருஷத்துக்கு 45 சதவீதம். ஏசி ரூமில் கையெழுத்து வாங்கினால் மட்டும் யாருக்கும் கோபம் வருவதில்லை.

அதனால் காபியை நிறுத்து, சினிமாவைக் குறை என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டில் இருப்பார்கள். நீ காபியை நிறுத்தினால் மாதம் 400, 500 மிஞ்சும், வட்டி அதை ஒரே வாரத்தில் விழுங்கிவிடும். வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதில் போக முடிகிற இடத்துக்குப் போ, அது போதும். சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதே. தனியாக இருக்கிறவள் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடையாது, ஒரு காய்ச்சல் எவ்வளவு இழுத்தது என்று உன் ஸ்டேட்மென்டே சொல்கிறது.

குறைக்க வேண்டியது வட்டியை. அதற்கு ஒரு வழி பீரோவில் இருக்கிறது, உன் மூணு பவுன் சங்கிலி.

நகையை அடகு வைப்பதா என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. மதினியும், உன் அம்மாதான், சுளிப்பாள். மீட்க முடியாமல் முங்கிப் போய்விடுமோ என்ற பயம் நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் கணக்கைப் பார். வங்கியில் நகைக்கடன் வருஷத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கார்டு பாக்கி 1,10,000, மொபைல் ஆப்பில் நீ வாங்கிய கடன் 15,000, அதன் வட்டி கிட்டி எல்லாம் சேர்த்து 1,30,000 வாங்கினால் மாத வட்டி 1,083 ரூபாய். இன்று கார்டுக்கு மட்டும் 4,867 அழுகிறாய். அதே கடன்தான், அதே நீதான்.

வாங்கும்போது நாலு விஷயம் கேள். உன் பேரிலேயே வை, நகை உன்னுடையது என்று கையெழுத்து போட வேண்டியிருக்கும். மாதாமாதம் அசலில் கட்ட விடுகிற வகையா என்று கேள், வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டு என்கிற வகை உனக்கு ஒத்துவராது. தவணை முடிகிற தேதியை போனில் போட்டு வை. நகை முங்குவது பெரும்பாலும் அந்தத் தேதியை மறந்த வீட்டில்தான். ஏல நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்த கதைகளை நான் சர்வீசில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். உன் இப்போதைய விலாசத்தைக் கொடு. தெருமுனை அடகுக் கடைக்குப் போகாதே, ரசீதில் எடையைக் குறைத்துப் போட்டால் யாரிடம் போய் நிற்பாய்?

மதினி ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டால், கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச்சொல்லி அந்த வங்கியிடமே கேட்கலாம். வட்டி நகைக்கடனை விடக் கூட இருக்கும், கார்டு வட்டியில் பாதிக்கும் கீழே வரும்.

செட்டில்மென்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. எழுபதாயிரம் கட்டுங்கள், மீதியைத் தள்ளுபடி பண்ணுகிறோம் என்று போனில் தேனாகப் பேசுவார்கள். நீ கடனை எப்படிக் கட்டினாய் என்று வங்கிகள் பார்க்கிற சிபில் அறிக்கையில் "க்ளோஸ்டு" என்று வராது, "செட்டில்டு" என்று ஏறும். அது பல வருஷம் கூடவே வரும், நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் மேனேஜர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கட்டவே வழியில்லாதவர்களுக்கு அது கடைசிக் கதவு. உனக்கு வழி இருக்கிறது.

ஆப் கடனை முதல் நாளே அடைத்துவிடு. தொகை சின்னதுதான், ஆனால் உன் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். உன் போனில் இருக்கும் நம்பர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவேன் என்று ஒருவன் மிரட்டினான் என்றாயே, கடன் ஆப்கள் போனின் கான்டாக்ட் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டுவிட்டது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடவும் கூடாது. அழைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. கடன் கொடுத்த கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடு. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448-க்குப் போன் போடு. அந்த ஆப்புக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவான கம்பெனியே இல்லை என்றால் நேரே சைபர் குற்றப் பிரிவு, 1930.

பெர்சனல் லோனை இப்போது தொடாதே. நிலையான வட்டி, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் பிடிப்பார்கள். அது பாட்டுக்குப் போகட்டும்.

இனிமேல்தான் உனக்குப் பிடிக்காத பகுதி. அண்ணனுக்கு அனுப்பும் 4,000.

கார்டும் ஆப்பும் போனபிறகு உன் கையில் 11,000 முழுசாக நிற்கும். சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் 8,000 வைத்துக்கொள், அதற்குக் கீழே போகாதே. மீதி 3,000-ஐ நகைக்கடனில் கட்டினால் சங்கிலி திரும்பி வர நாலரை வருஷம் ஆகும். அந்த 4,000-ஐயும் சேர்த்து 7,000 கட்டினால் 21 மாதத்துக்குள் கழுத்துக்கு வந்துவிடும். அண்ணனுக்குப் பென்ஷன் வருகிறது, வீடு சொந்தம். நீ அனுப்புவதை அவர் செலவே செய்வதில்லை, உன் கல்யாணத்துக்கு என்று தனிப் பாஸ்புக்கில் போட்டு வருகிறார். சேமிப்புக் கணக்கு என்ன வட்டி தருகிறது என்று உனக்கே தெரியும். மகள் 45 சதவீதத்துக்குக் கடன் வாங்கி அப்பா பேரில் சேமிக்கிறாள், இதைவிடக் கூத்து உண்டா? நீ சொல்லத் தயங்கினால் நான் சொல்கிறேன். கோபம் கொஞ்ச நேரம் இருக்கும், என் அண்ணனை எனக்குத் தெரியாதா.

"அதுக்குத்தான் தனியா இருக்க வேணாம்னு சொன்னோம்" என்று ஒரு பாட்டு வரும். "ஒரு கல்யாணத்தைப் பண்ணியிருந்தா" என்று அடுத்த பாட்டு வரும். கல்யாணக் கடன் அடைக்க நகை வைத்தவர்களுக்கு நான் போட்ட வவுச்சர் கொஞ்சநஞ்சமில்லை. நீ அதற்கெல்லாம் பதில் சொல்லாதே, சிரித்துவிட்டுக் காபியைக் குடி.

ஆனாலும் வீட்டு விஷயத்தை யோசி. தனியாக இருப்பது உனக்குப் பிடித்திருக்கிறது, அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்தே கொடுத்தால் தப்பில்லை. ஆனால் இந்த ரெண்டு வருஷத்துக்கு இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் வாடகையில் மட்டும் 5,500 மிஞ்சும், சங்கிலி ஒரு வருஷத்திலேயே வந்துவிடும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசாங்கம் நடத்தும் தோழி விடுதி தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கிறது, அங்கே இடம் கேட்டுப் பார்க்கலாம். அப்படிப் போனால் அட்வான்ஸ் கைக்கு வரும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பேன் என்று ஓனர் நிற்பார், ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வை. முடிவு உன்னுடையது. நீ மாறாமல் அங்கேயே இருந்தாலும் கணக்கு ஓடும், கொஞ்சம் மெதுவாக.

கார்டைக் கத்தரித்துப் படம் போடுகிறார்களாமே, அந்த வேலை வேண்டாம். பாக்கி பூஜ்யமானதும் மூடச்சொல்லி எழுதிக் கொடு. பாக்கி இல்லாவிட்டால் 7 வேலை நாளில் மூடியாக வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உனக்கு அவர்கள் கட்ட வேண்டும், அது ரிசர்வ் வங்கி விதி. "லைஃப்டைம் ஃப்ரீ, வெச்சுக்கோங்க மேடம்" என்பார்கள். அசையாதே.

வெள்ளிக்கிழமை வைகையில் டிக்கெட் கிடைத்தால் ஏறி வா, இல்லாவிட்டால் ராத்திரி பஸ். ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக், ரெண்டு போட்டோ எடுத்து வா. கார்டைக் கணக்கு முடிக்க இன்றைய தேதிக்கு எவ்வளவு என்று வங்கியிடம் மெயிலில் கேட்டு வாங்கி வை, ஸ்டேட்மென்டில் இருக்கும் தொகை போதாது, அதற்குப் பிறகும் வட்டி ஓடியிருக்கும். சனிக்கிழமை மதினியிடம் பேசுவோம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வங்கியில் நகை மதிப்பீட்டாளர் வந்துவிடுவார், ஆபீசுக்கு அன்றைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை
மதுரை