சுண்ணாம்புக்கு அடியில் இருந்த வண்ணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்துக் கிராம ஆலயங்களைப் பற்றி வெளியான கட்டுரை, அவற்றின் வெள்ளைச் சுவர்களையும் மர இருக்கை வரிசைகளையும் 'இடைக்கால எளிமை' என்று பாராட்டியிருந்தது. இடைக்காலத்தில் அந்தச் சுவர்கள் ஓவியங்களால் நிறைந்திருந்தன. இன்று காணும் வெறுமை பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தத்தின் விளைவு.

சஃபோக் பகுதியில் உள்ள வென்ஹாஸ்டன் ஆலயத்தைப் பார்த்தாலே இது விளங்கும். நடுக்கூடத்தையும் பீடப் பகுதியையும் பிரிக்கும் வளைவில், நிமிர்ந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி, உலக முடிவில் எல்லோருக்கும் தீர்ப்பு வழங்கப்படும் பொதுத்தீர்வைக் காட்சி மரப்பலகைகளில் தீட்டப்பட்டிருந்தது. சீர்திருத்தக் காலத்தில் அதன்மேல் வெள்ளையடித்தார்கள். நாளடைவில் அப்படியொரு ஓவியம் இருந்ததே மறந்துபோனதால், 1892-இல் ஆலயத்தைப் புதுப்பித்தவர்கள் அப்பலகைகளை வெறும் பழைய மரமென்று கழற்றி வெளியே கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். இரவு பெய்த மழையில் சுண்ணாம்பு கரைய, ஆன்மாக்களை நிறுக்கும் மிக்கேல் வானதூதரும், உடலில் ஆடையில்லாமல் தலையில் மட்டும் அரச கிரீடமும் ஆயர் முடியும் தரித்த ஆன்மாக்களும் வெளிப்பட்டார்கள். ஓவியத்தைவிட என்னை ஈர்ப்பவை அதன் நடுவே வண்ணம் படாத வெற்றிடங்கள். சிலுவையில் தொங்கும் இயேசு, இருபுறமும் மரியாள், யோவான் ஆகியோரின் சிலைகள் அங்கே பொருத்தப்பட்டிருந்தன. சிலைகளை அகற்றியவர்களால் அவற்றின் வடிவத்தை அகற்ற முடியவில்லை.

இருக்கைகளும் பெரும்பாலும் 15-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயின. அதற்கு முன் மக்கள் நின்றும் மண்டியிட்டுமே வழிபட்டார்கள். அப்படி வந்த இருக்கைகளும் எளிமையானவை அல்ல. அருகிலுள்ள பிளைத்பரோ ஆலயத்தில் இருக்கைகளின் முனைகளில் பாவங்கள் மனித உருவில் செதுக்கப்பட்டுள்ளன: சோம்பல் படுக்கையில் கிடக்கிறது, பேராசை பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது, பெருந்தீனி தொந்தியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மறையுரையின்போது தூங்கியவருக்குப் பக்கத்திலேயே அவரது உருவம்!

இதே ஆலயத்தின் கூரையில் உள்ள மர வானதூதர்களைத் தூய்மைவாதிகள் (ஆலய உருவங்களை எதிர்த்த தீவிரப் புராட்டஸ்டன்டுகள்) சுட்டுத் துளைத்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருப்பதும் பழைய கதையே. 1644-இல், ஆலய உருவங்களை அழிக்க நியமிக்கப்பட்ட வில்லியம் டௌசிங் அங்கு வந்து உருவங்களை அகற்ற ஆணையிட்டது உண்மை. ஆனால், கடந்த நூற்றாண்டில் கூரையைப் பழுதுபார்த்தபோது கிடைத்த ஈயக் குண்டுகள் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆலயத்துக்குள் புகுந்த காக்கை இனப் பறவைகளை விரட்டச் சுட்டவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை.