கையெழுத்துப் போடாத மனு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் எல்லோரும் சகிப்புத்தன்மையோடு வாழப் பழக வேண்டும் என்று போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நான் அதைப் படித்த அன்று என் மேசையில் ஒரு மனு கிடந்தது. அதிலும் 'சகிப்புத்தன்மை' இரண்டு இடத்தில் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மனுவைக் கொண்டுவந்தவர் என்னிடம் ஐந்தாம் ஆண்டு படித்த பிள்ளை. இப்போது எங்கள் கோயில் பரிபாலன சபையில் இருக்கிறார். சி.ஆர். கொப்பியில் கிழித்த ஒற்றை. "இவ்வளவு காலமும் நாம் காட்டிய சகிப்புத்தன்மையைப் பலவீனமாக எடுத்துக்கொண்டு" என்று தொடங்கி, குடியேற்றப் பக்கம் தகரக் கொட்டகையில் நடக்கும் கிறிஸ்தவ ஜெப சபையை நிறுத்தித் தரும்படி பிரதேச செயலாளரைக் கேட்டிருந்தார்கள். குற்றச்சாட்டு இரண்டு. ஞாயிறு காலையில் சத்தம். பால்மாப் பைக்கற் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். கீழே நாற்பதுக்கு மேல் கையெழுத்து, இரண்டு பெருவிரல் அடையாளம்.

"ரீச்சர், நீங்கள் போட்டால்தான் மிச்சச் சனமும் போடும்."

"வைச்சிட்டுப் போ தம்பி, வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன்.

முதலில் சத்தம். சபையில் ஒரு கீபோட், ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஞாயிறு ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். எங்கள் கோயிலில் திருவிழாக் காலம் வந்தால் வேம்பில் இரண்டு, பனையில் இரண்டு என்று நாலு லவுட்ஸ்பீக்கர், விடிய நாலரைக்கே பாட்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸார் அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் கட்டளையிட்டது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் பற்றி எழுந்த வழக்கு அது, ஆனால் கட்டளை எல்லா மதத்துக்கும்தான். விடிய நாலரை அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழுகிறது என்று மனு எழுதியவர்கள் பார்க்கவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளை ஒருத்தி போன திருவிழாவில் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு என் வீட்டுப் பின் விறாந்தையில் வந்திருந்து படித்தாள். அவளுடைய அம்மாவின் கையெழுத்து மனுவில் ஏழாவதாக இருக்கிறது.

பால்மாக் கதைக்கு வருவோம். சபைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். எங்கள் வயலில் கூலிக்கு நின்றார்கள். கடைசி யுத்தத்தில் எங்களோடு மாத்தளன் வரை ஓடினார்கள். மனிக் பாம் அகதி முகாமில் எங்களைப் போலவே தறப்பாளுக்குக் கீழே கிடந்தார்கள். திரும்பி வந்து கோயிலைக் கட்டியபோது கல்லும் சுமந்தார்கள்.

எங்கள் கோயிலுக்குப் பத்து நாள் திருவிழா. பத்துக்கும் செலவை ஏற்று நடத்தும் பரம்பரை உபயகாரர் இருக்கிறார்கள். குடியேற்றப் பக்கத்து ஆச்சி ஒருவர் ஆடு விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு கூட்டத்துக்கு வந்து, ஒரு நாள் தரச் சொல்லிக் கேட்டார். "பாப்பம் ஆச்சி" என்றார்கள். அடுத்த வருசமும் பாப்பம். அதற்கடுத்த வருசமும். மூன்று கூட்டத்திலும் நான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. நாலாம் வருசம் ஆச்சி தகரக் கொட்டகைச் சபையில் முன்வரிசை வாங்கில் இருந்தார். பால்மா கொடுத்தார்களோ தெரியாது, வாங்கு கொடுத்திருக்கிறார்கள்.

இதைத்தான் 'இவ்வளவு காலமும் நாம் காட்டிய சகிப்புத்தன்மை' என்று மனுவில் எழுதியிருக்கிறோம்.

பல்வலியையும் சகிக்கிறோம், வேறு வழி இல்லாததால். பிடிக்காத மருமகனையும் சகிக்கிறோம், ஊர் சிரிக்கும் என்பதால். தடுக்கிற பலம் கையில் இருந்தும் தடுக்காமல் விடுவது இந்த இரண்டிலும் சேராது. 'பொறை எனப்படுவது போற்றாரைப் பொறுத்தல்' என்று கலித்தொகை சொல்வது அதைத்தான். நம்மை மதிக்காதவரையும் பொறுப்பது. மேடையில் பேசுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்று குறளையும் மேலே வைத்துவிடுகிறார்கள். (இரவிரவாக மணல் டிப்பர் ஓடும் எங்கள் ஆற்றங்கரையில் நின்று அந்தக் குறளைச் சொல்லிப் பார்க்கட்டும்.)

2019 செப்டெம்பரில் முல்லைத்தீவு, செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் தீர்த்தக் கேணியடியில் ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். வேறிடத்தில் தகனம் செய்யும்படி முல்லைத்தீவு நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகும் சகிப்புத்தன்மை வேண்டும் என்று எங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அங்கே சகிப்புக்கு என்ன வேலை? நீதிமன்றம் சொன்னதை மீறியவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை, கையைக் கட்டிக்கொண்டு நின்ற சனத்திடம் கேட்டார்கள். நீராவியடியில் எனக்கு விளங்குகிற இந்த நியாயம் எங்கள் ஊர்த் தகரக் கொட்டகை வாசலிலும் விளங்க வேண்டும். இங்கே பலம் எங்கள் கையில் இருக்கிறது.

அப்படியென்றால் எல்லையே இல்லையா என்று என் தங்கை கேட்டாள். இருக்கிறது. சபைப் போதகர் ஒருமுறை மைக்கில் எங்கள் பிள்ளையாரை வெறும் கல் என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரவு படுக்கும்போது போய்விட்டது. பிள்ளையாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீரிழிவுக்காரி ஒருவரிடம் 'குளிசையை விடுங்கோ, ஜெபம் போதும்' என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்ட அன்று நேரே போய்க் கதவைத் தட்டினேன். தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். சொல்லாவிட்டால் நல்லது, சொன்னால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் போவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மனம் நோவதும் இன்னொருவரின் உடம்பு கெடுவதும் ஒன்றல்ல. மனம் நொந்ததையே எல்லையாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவின் கதையே போதும். அவர் எழுதிய ஒரு சிறுகதை புண்படுத்திவிட்டதாகப் பிக்குகள் முறையிட, 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரலில் பிடித்தார்கள். ஓகஸ்டில்தான் பிணை கிடைத்தது. மதவெறுப்பைத் தூண்டுகிறவர்களைப் பிடிக்க இருந்த சட்டம் அது.

தம்பி மனுவை எடுக்க வந்தபோது, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். கூடவே பரிபாலன சபைக்கு நான் எழுதிய ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். பாட்டை ஆறு மணிக்குப் பிறகு போடுங்கள், பனையில் கட்டும் இரண்டையும் வயல் பக்கம் திருப்புங்கள், அடுத்த வருசம் ஒரு நாள் திருவிழாவைக் குடியேற்றப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஆச்சியிடம் போய்க் கேட்க வேண்டியவர்கள் நாங்கள் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

முற்றத்தில் நின்றே வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கூட்டத்தில வைக்கிறன் ரீச்சர். பாப்பம்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி மாவட்டம்.