சிவப்பைப் பார்த்ததும் ரீபூட் சொல்லாதீர்கள்

பெங்களூருவில் சர்வர் குழுக்களை நடத்தும் மேலாளர்களுக்கும், மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கும்,

வணக்கம். வைட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நடுராத்திரி பிரிட்ஜ் காலில் (கோளாறு வந்தால் எல்லாக் குழுவும் சேரும் அவசர அழைப்பு) உங்களோடு உட்காருபவர்களில் நம்மூர்ப் பிள்ளைகள் நிறைய. நீங்கள் பேசும்போது மைக்கை அணைத்துவிட்டு, தனி சாட்டில் "அண்ணே, ரீபூட் வேணாம்னு சொல்லுங்க" என்று ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன். சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளான விசென்டரில் ஒரு ஹோஸ்ட் (வி.எம். எனும் மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சர்வர்) 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று சிவப்பாக வந்தால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் குரல் விசென்டருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. மென்பொருள் ஓடும் ஹோஸ்ட் ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு ஒருமுறை யு.டி.பி. 902 போர்ட்டில் விசென்டருக்கு ஹார்ட்பீட், அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்ற சிக்னல், அனுப்பும். 60 விநாடி வரை ஒன்றும் வந்து சேராவிட்டால் விசென்டர் கையை விரித்துவிடும். அப்போதும் ஹோஸ்ட்டுக்குள் இருக்கும் வி.எம்.கள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவை ஓடுவதற்கு விசென்டர் தேவையே இல்லை.

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் புது ஃபயர்வாலுக்கு மாறிய இரவு. ஹோஸ்ட்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. 'கனெக்ட்' கொடுத்தால் உடனே சரியாகும். ஒரு நிமிடத்தில் மறுபடி சிவப்பு. ஃபயர்வால் குழு "902 திறந்துதான் இருக்கிறது" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டது. டி.சி.பி.யும் யு.டி.பி.யும் தரவு அனுப்பும் இரு வேறு முறைகள். திறந்திருந்தது டி.சி.பி. 902, அதுவும் விசென்டரிலிருந்து ஹோஸ்ட்டை நோக்கி. ஹார்ட்பீட் போவது எதிர்த்திசையில், யு.டி.பி.யில். வந்து சேரும் பாக்கெட்களைக் காட்டும் டி.சி.பி.டம்ப்பை விசென்டரில் ஓட்டிப் பார்த்தபோது 902க்கு ஒரு யு.டி.பி. பாக்கெட்கூட வரவில்லை. சேர்த்தவுடன் பச்சை, ஒரு நிமிடத்தில் சிவப்பு என்றால் எங்கள் தொழிலில் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது: "ஒரு ஹோஸ்ட்டை ரீபூட் பண்ணிப் பாருங்கள்." ஹோஸ்ட் சிவப்பாக இருக்கும்போது அதிலிருந்து வி.எம்.களை விமோஷனில் (ஓடும்போதே வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றும் வசதி) நகர்த்த வழியில்லை. ரீபூட் என்றால் ஓடிக்கொண்டிருப்பதை எல்லாம் இறக்க வேண்டும். இறக்கினோம். அதுவரை யாருக்கும் எந்தக் கோளாறும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஹெல்ப்டெஸ்க்குக்கு போன் வர ஆரம்பித்தது. ஹோஸ்ட் எழுந்து வந்து ஒரு நிமிடம் பச்சையாக இருந்துவிட்டு மறுபடி சிவந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹோஸ்ட் செத்தால் அதன் வி.எம்.களை வேறு ஹோஸ்ட்டில் தானாக எழுப்பும் எச்.ஏ.வுக்குக்கூட இந்த அவசரம் கிடையாது. ஒரு ஹோஸ்ட்டின் நெட்வொர்க் ஹார்ட்பீட் நின்றால், டேட்டாஸ்டோரில் (ஹோஸ்ட்கள் பகிரும் சேமிப்பிடம்) அதன் உயிர்க்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது செத்ததா இல்லையா என்று முடிவுகட்டும். அந்த நிதானத்தை மனிதர்களிடம் எதிர்பார்க்கக் கூடாதா?

ரீபூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டோரேஜ் பாதைகள் எல்லாம் அறுந்து ஹோஸ்ட்டி (ஹோஸ்ட்டுக்குள் ஓடும் நிர்வாகச் சேவை) தொங்கிப்போனால் சில சமயம் வேறு வழி இருக்காது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. வி.எம்.களைப் பிங் செய்யலாம். பிரௌசரில் நேராக ஹோஸ்ட்டுக்குள் போகலாம். பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். இரு பக்கமும் சரியாகப் பெயர் சொல்கிறதா, கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா, சான்றிதழ் காலாவதியானதா, விசென்டரின் லாக் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்கலாம். பழைய பேக்கப்பிலிருந்து விசென்டரை மீட்டிருந்தால் ஹோஸ்ட்டுக்குள் நுழைய விசென்டர் பயன்படுத்தும் வி.பி.எக்ஸ். யூசர் கணக்கின் கடவுச்சொல் பொருந்தாமல் போயிருக்கும். விசென்டர் அதைத் தானாகவே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடும். ஹோஸ்ட்டை மறுபடி இணைத்தால் போதும். ஹோஸ்ட்டி, விசென்டரோடு பேசும் வி.பி.எக்ஸ்.ஏ. இரண்டையும் மறுதொடக்கம் செய்தால் வி.எம்.களுக்கு ஒன்றும் ஆகாது. எல்.ஏ.சி.பி. (பல நெட்வொர்க் இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) இருக்கும் இடத்தில் மட்டும், எல்லாச் சேவைகளையும் ஒரே அடியாக நிறுத்தி எழுப்பும் ஸ்கிரிப்ட்டைத் தொடக்கூடாது. தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும்.

நான் கேட்பது இரண்டே விஷயம். உங்கள் ஃபயர்வால் படிவத்தில் போர்ட் எண் மட்டும் எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டு, டி.சி.பி.யா யு.டி.பி.யா, எங்கிருந்து எங்கே என்று கட்டாயம் நிரப்பும் கட்டங்களைப் போடுங்கள். அப்புறம், வி.எம்.கள் ஓடுகின்றனவா இல்லையா என்று ஷிஃப்ட்டில் இருப்பவர் எழுதிக் கொடுக்காமல் ஹோஸ்ட் ரீபூட்டுக்கு யாரும் ஒப்புதல் தரக்கூடாது என்று விதி போடுங்கள். நீங்களும் உட்பட.

இப்படிக்கு,
பெல்லந்தூரிலிருந்து ஒரு விர்ச்சுவலைசேஷன் ஊழியர்