நீ மரக்கறி வாங்கும் கடை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தவுடன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கார்ல்டன் தெருவும் சேர்ச் தெருவும் சந்திக்கும் மூலையில் அந்த மஞ்சள் செங்கல் கட்டடம். "கம்பஸுக்குப் பக்கத்தில் நல்ல சாமான் கடை இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தாய். பிள்ளை, அதுதான் பழைய ஐஸ் ஹொக்கி அரங்கம், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்! 1987 இல் நான் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், எனக்குச் சந்தோஷம் தந்த ஒரே இடம்.

அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த இத்தாலியப் பெரியவர்தான் என்னை மல்யுத்தம் பார்க்கக் கூட்டிப்போனார். கூரையை ஒட்டிய சாம்பல் நிற இருக்கைகள், மலிவான டிக்கெட். மல்லர்கள் வருவதற்கு மேடை உயரத்திலேயே ஒரு நீண்ட பாதை போட்டிருப்பார்கள். அதனால் அவர்கள் நடந்து வருவது கடைசி வரிசைக்கும் தெரியும். என்னிடம் ஆங்கிலம் அதிகம் இருக்கவில்லை. அங்கே கத்துவதற்கு அது தேவைப்படவும் இல்லை.

அந்த அரங்கத்தின் கதை முழுவதையும் அவர்தான் சொன்னார். 1931 இல், பெரும் பொருளாதார வீழ்ச்சிக்கு நடுவில், ஐந்தரை மாதத்தில் கட்டினார்களாம். தொழிலாளர்கள் கூலியில் ஒரு பகுதியைப் பங்குகளாக வாங்கிக்கொண்டார்கள். நவம்பர் 12 இல் ஹொக்கியோடு திறந்தார்கள். ஒரு கிழமையில் மல்யுத்தமும் வந்துவிட்டது. பிறகு பல வருடங்களுக்கு வியாழக்கிழமை இரவென்றால் மல்யுத்தம்தான். ஃபிராங்க் டன்னி என்பவர் நடத்தினார்.

பெரியவருக்கு விப்பர் பில்லி வாட்சன் என்ற மல்லர் என்றால் உயிர். 1956 மார்ச் 15 இல் அங்கே வாட்சன், லூ தெஸைத் தோற்கடித்து உலகப் பட்டம் வென்றார். நடுவராக நின்றவர் பழைய குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சி. உடல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக வாட்சன் காசு சேர்த்துக் கொடுத்ததையும் சொல்லும்போது பெரியவரின் கண் கலங்கும்.

எனக்குப் பிடித்தது வேறு கதை. 1969 இலிருந்து ஐந்து வருடம் அங்கே தோற்காமல் இருந்தவர் ஷீக். எதிராளியின் முகத்தில் நெருப்பு வீசுகிற மல்லர். 1971 இல் அவரோடு மோத வந்தவர் டைகர் ஜீத் சிங், பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய, தலைப்பாகை கட்டிய ஆள். அரங்கம் நிரம்பி வழிந்ததாம். தெருவில் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காத அந்த நாட்களில், நம் நிறத்து மனிதன் ஒருவனுக்காக இந்த ஊர் எழும்பி நின்றது என்று கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு.

முடிவை முதலே பேசிவைத்துத்தான் மோதுவார்கள் என்று நீ சொல்வாய். சரிதான். ஆனால் உயரத்திலிருந்து முதுகு அடிபட விழுகிறவனுக்கு வலி உண்மை.

1999 இல் ஹொக்கி அணி வேறு அரங்கத்துக்குப் போய்விட்டது. 2011 இல் கீழே உன் கடை வந்தது, பிறகு மேலே உங்கள் பல்கலைக்கழகத்தின் ஐஸ் தளம். கடைக்குள், 25 ஆம் வரிசைப் பக்கம் தரையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், பார்த்திருப்பாய். பழைய ஐஸ் தளத்தின் நடு அதுதான்.

அடுத்த மாதம் மொன்றியலிலிருந்து நாங்கள் வரும்போது முதலில் அங்கே போவோம். அம்மாவுக்கு நான் இருந்த இருக்கை எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா